அரைத் தானியங்கியின் முழுநேர ஊழியர்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் தொழிற்பட்டையில் 1990-களின் பிற்பகுதி தொடங்கிக் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்பேசி ஆகியவை உற்பத்தியாகி வருவது அனைவரும் அறிந்ததே. அவற்றோடு சேர்ந்து உற்பத்தியாகும் மனித வகைகளைப் பற்றி எந்த முதலீட்டாளர் மாநாட்டு மலரும் எழுதுவதில்லை. மனைத் தரகர், விடுதி நடத்துபவர், கம்பெனி பஸ்ஸிலேயே ஏலச்சீட்டு நடத்துபவர் என்ற வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பவர், அரைத் தானியங்கிக் காற்றுத் துப்பாக்கியின் உரிமையாளர்.

இவர் பெரும்பாலும் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா முடித்து, பயிற்சியாளராக நுழைந்து, பதினைந்து ஆண்டுகளில் லைன் இன்சார்ஜாக உயர்ந்து, படப்பைப் பக்கமோ சுங்குவார்சத்திரம் பக்கமோ அரை கிரவுண்டில் வீடு கட்டி, அதன் மாதத் தவணையில் பாதியைக் கடந்தவர். வாரத்தில் ஆறு நாள் இவருடைய வாழ்க்கை 'டாக்ட் டைம்' என்ற கணக்கில் ஓடுகிறது. ஷிஃப்ட் முடிவதற்குள் கேட்ட எண்ணிக்கை வெளியேற வேண்டுமானால் ஒவ்வொரு வண்டியும் ஒரு நிலையத்தில் எத்தனை விநாடி நிற்கலாம் என்று வகுத்துச் சொல்லும் அந்தக் கணக்கின்படி, லைன் ஒரு நிமிடம் நின்றால் போன் வரும், ஐந்து நிமிடம் நின்றால் மேலாளர் வருவார், அரை மணி நின்றால் மறுநாள் மீட்டிங் வரும். இப்படிப் பழகிய ஒருவர் பொழுதுபோக்குக்கு வாங்கும் பொருளிலும் விநாடியை மிச்சப்படுத்தும் வசதியைத் தேடுவதில் வியப்பில்லை.

மெரினா கடற்கரையிலும் ஊர்த் திருவிழாவிலும் பலூன் சுடத் தருவார்களே, அதுவே தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதன்முதலில் தொட்ட காற்றுத் துப்பாக்கி. அதன் குழலை மடக்கினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும்; ரவையைச் செருகிக் குழலை நிமிர்த்தி விசையை இழுத்தால், வில் விரிந்து பிஸ்டனைத் தள்ள, நெருக்குண்ட காற்று ரவையை வெளியேற்றும்; அடுத்த ரவைக்கு மீண்டும் மடக்க வேண்டும். அரைத் தானியங்கியில் இந்த மடக்கும் வேலை கிடையாது. முன்கூட்டியே உயரழுத்தத்தில் அடைத்து வைத்த காற்றோ கரியமில வாயுவோ ரவையைச் செலுத்துவதோடு நில்லாமல், அதில் ஒரு பங்கு பின்னோக்கித் திரும்பி, உள்ளிருக்கும் சுத்தியலை இழுத்து மாட்டி, அடுத்த ரவையைக் குழலின் வாயில் கொண்டுவந்து நிறுத்துகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவை. விட்டு மறுபடி இழுத்தால் அடுத்தது. விரலை எடுக்காமல் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி என்பதையும், அதற்கும் தமக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்பதையும் கேட்காதவர்களிடமும் இவர் விளக்குவார்.

சட்ட அறிவில் இவ்வகையினரை மிஞ்ச ஆளில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. குழல்வாய் ஆற்றல் என்பது ரவை வெளியேறும் கணத்தில் அதனிடம் உள்ள இயக்க ஆற்றல். ரவையின் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். அரை கிராம் ரவை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல், 283 மீட்டரில் போனால் 20 ஜூல். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து தேர்வு முடிந்த மாலையே மறந்துபோன அந்தச் சூத்திரம், இப்போது லாமினேட் செய்யப்பட்ட அட்டையாக இவருடைய பர்ஸில் இருக்கிறது. ரோந்து வரும் காவலர் கேட்டால் காட்டுவதற்காம். இதுவரை எந்தக் காவலரும் கேட்டதில்லை. கேட்டாலும் அவருடைய முதல் கேள்வி ஜூலைப் பற்றியதாக இருக்காது.

களம் மொட்டைமாடி. ஒலிம்பிக் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் தூரம் 10 மீட்டர். அரை கிரவுண்டு மனை என்பது 30 அடிக்கு 40 அடி, அதாவது நீளவாக்கில் 12.2 மீட்டர். வீட்டுக்கு முன்னும் பின்னும் விட வேண்டிய இடத்தை விதிப்படி விட்டால் மாடியில் 10 மீட்டர் தேறாது, விடாமல் கட்டினால் தேறும். இவ்வகையினர் பலருக்கு 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. அந்தத் தூரத்தின் ஒரு கோடியில் மணல் நிரப்பிய கனத்த மரப்பெட்டியும் மறுகோடியில் மேசையும் இருக்க, நடுவே தொழிற்சாலைத் தரையில் உள்ளவாறே மஞ்சள் கோடு அடிக்கப்பட்டிருக்கும். ரவை டப்பா, திருப்புளி, எண்ணெய்க் குப்பி ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்தை வரைந்து இடம் ஒதுக்கியிருப்பார்; பொருளை அதற்குரிய இடத்தில் வைக்கும் இந்த ஜப்பானிய ஒழுங்குமுறைக்கு '5எஸ்' என்று பெயர். அதே வீட்டில் இவருடைய சாக்ஸுக்கு இன்றுவரை இடம் ஒதுக்கப்படவில்லை.

இனி, காற்று. காற்றை அடைத்துவைக்கும் வகைத் துப்பாக்கியின் உருளை ஏறத்தாழ 200 பார் அழுத்தம் கேட்கும். தொழிற்சாலைக் குழாய்களில் ஓடும் காற்றின் அழுத்தமோ 6 அல்லது 7 பார்தான். இது மற்ற எவரையும்விட இவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், "பஞ்சர் கடையில அடிச்சுட்டு வந்துடுங்களேன், பக்கத்துலதானே இருக்கு" என்று மனைவி சொன்னதைத் தட்ட முடியாமல், உருளையைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வாலாஜாபாத் சாலைப் பஞ்சர் கடைக்கு ஒருமுறை போய் நிற்பவர்கள் உண்டு.

"எத்தனை பி.எஸ்.ஐ. வைக்கணும் சார், முப்பதா முப்பத்தஞ்சா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

கடைக்காரர் பையைப் பார்ப்பார். பிறகு ஆளைப் பார்ப்பார். "லாரிக்கே நூத்திப்பத்துதான் சார் வைப்போம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பேச்சு மேலும் வளராதபடி அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

எனவே கைப்பம்பு வாங்கப்படுகிறது. 200 கன சென்டிமீட்டர் உருளையில் 200 பார் ஏற்ற வேண்டுமானால் வெளிக்காற்று 40 லிட்டரை அதற்குள் திணிக்க வேண்டும். 30 பாகை வெப்பமும் எண்பது விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைப் புறநகர்க் காலையில் அந்த 40 லிட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் நீராவி இருக்கும். அதைத் துப்பாக்கிக்குள் விடாமல் தடுக்கச் சிலிக்கா ஜெல் மணிகள் நிரம்பிய வடிகட்டி தேவைப்படுகிறது. மணிகள் நீரை உறிஞ்சி நிறம் மாறியதும் அடுப்பில் காயவைக்க வேண்டியிருக்கிறது. அடுப்போ ஞாயிறு காலையில் இட்லிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெளியே பம்படிப்பவர் உடலிலிருந்து போகும் நீருக்கு வடிகட்டி ஏதும் கிடையாது.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று 12 கிராம் கரியமில வாயுக் குப்பியில் ஓடும் வகையை வாங்கியவரின் நிலை வேறு மாதிரியானது. அந்தக் குப்பிக்குள் வாயு திரவமாக இருந்து, சுடச்சுட ஆவியாகி அழுத்தத்தை ஈடுசெய்கிறது. 20 பாகை வெப்பத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 57 பார். 31 பாகையைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாகவே இருக்க முடியாது என்பது இயற்பியல். சித்திரை, வைகாசிப் பகலில் ஒரகடம் 31 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது என்பது அனுபவம். மார்கழிக் காலையிலோ, அடுத்தடுத்துச் சுடும்போது ஆவியாகும் வாயு குப்பியின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் குப்பி குளிர்ந்து, அழுத்தம் சரிந்து, ரவை மந்தமாகிவிடுகிறது. விரைந்து சுடுவதற்கென்றே விலை கொடுத்து வாங்கிய கருவி, ஆறஅமரச் சுட்டால்தான் ஒழுங்காகச் சுடும் என்ற இந்த உண்மையை இவர் தம் குறிப்பேட்டில் அளவீடுகளோடு பதிவு செய்திருக்கிறாரே தவிர, அதிலிருந்து எந்த முடிவுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது சிக்கல். ஈய ரவை உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கியது. அதன் பின்விளிம்பு மிக மென்மையானது. மடக்குத் துப்பாக்கியில் விரல் அதைத் தடவிப் பார்த்துச் செருகுகிறது. அரைத் தானியங்கியிலோ காற்றே செருகுவதால், நெளிந்த ரவை ஒன்று பாதி வழியில் நிற்க, அதன் முதுகில் அடுத்தது வந்து முட்டிக்கொள்கிறது. உடனே இவர் 'ஏன்-ஏன்' ஆய்வில் இறங்குவார். இது டொயோட்டா நிறுவனம் உலகுக்குப் பரப்பிய முறை. ஒரு பழுதுக்கு ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் அடிவேர் கிடைக்கும் என்பது அதன் அடிப்படை. சுடாதது ஏன்? ரவை சிக்கியது. ஏன் சிக்கியது? விளிம்பு நெளிந்திருந்தது. ஏன் நெளிந்தது? டப்பா கீழே விழுந்தது. ஏன் விழுந்தது? குழந்தை எடுத்து விளையாடியது. குழந்தை ஏன் அதை எடுத்தது? ஞாயிற்றுக்கிழமையும் அப்பா மாடியைவிட்டு இறங்காததால். அடிவேர் கிடைத்துவிட்டது, திருத்த நடவடிக்கையாகப் பூட்டு வைத்த டப்பா ஒன்று வாங்கப்பட்டது.

வீட்டாருக்கு இக்கருவியிடம் உள்ள எதிர்பார்ப்பு எளிமையானது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் வடகம் பிழிந்து காயவைத்துவிட்டு, "மாப்பிள்ளை, காக்கா கொத்திக் கொத்திப் போடுது, இவ்வளவு பெரிய துப்பாக்கி இருக்கே, ஒருதடவை மிரட்டி விடுங்களேன்" என்பார். "அதெல்லாம் கூடாதுங்க அத்தை" என்று தொடங்கி, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காகமும் எலியும் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்ததையும், 2022-இல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் முதல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டதையும் இவர் விளக்கி முடிப்பதற்குள், கால்வாசி வடகத்தைக் காகம் முடித்துவிடும். மாமியார் பதில் பேசாமல் பழைய கறுப்புக் குடை ஒன்றை விரித்துக் கொடிக்கம்பியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்குவார். அதன்பின் காகம் வராது. குடைக்கு 200 பாரும் வேண்டியதில்லை.

துப்பாக்கி சுடுதலை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களோ அரைத் தானியங்கியின் பக்கம் திரும்புவதே இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் ஒவ்வொரு ரவையாகக் கையால் இட்டுச் சுடும் துப்பாக்கியில்தான். தகுதிச் சுற்றில் 60 ரவைக்கு 75 நிமிடம், அதாவது ரவைக்கு 75 விநாடி தருகிறார்கள். விரைவான கார் லைனில் ஒரு காருக்குக்கூட அவ்வளவு கிடைக்காது. இதைச் சொன்னால் இவர், "அவங்க வேற கேட்டகிரி" என்பார். நடிகர் அஜித்குமார் 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கம் வென்ற பிறகுதான் இந்த ஆர்வம் பிறந்தது என்று மனைவி சொல்வதையும் மறுப்பார். ஆனால் வாங்கிய பில்லை எடுத்துக் காட்டமாட்டார்.

பம்படிக்கும் தொல்லை தமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று என்பதற்கு இவரிடம் வரலாற்றுச் சான்றும் உண்டு. 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கி, அடிக்கட்டையிலேயே காற்றுத் தொட்டியைக் கொண்டு, இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுட வல்லதாக இருந்தது. தொட்டியை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்படிக்க வேண்டும். பராமரிப்பு பெருந்தொல்லையாக இருந்ததால் படையில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு பேரரசே பம்படித்துக் களைத்திருக்கிறது என்பதில் இவருக்கு ஒரு நிம்மதி.

இவ்வளவு பாடுபடும் மனிதர் இதைத் தூக்கி எறியாமல் ஞாயிறுதோறும் படியேறுவது ஏன் என்ற கேள்விக்கு விடை மொட்டைமாடியில் இல்லை, லைனில் இருக்கிறது. அங்கே இயந்திரம் நின்றால் அது குற்றம். இங்கே நின்றால் அது ஓய்வு. மூடியைக் கழற்றி, காற்றுக் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணெய் தடவி, மீண்டும் மாட்டி, மறுபடியும் கழற்றும் அந்த இரண்டு மணி நேரத்தில் போன் வருவதில்லை, மேலாளர் வருவதில்லை, மறுநாள் மீட்டிங்கும் இல்லை. சுடுவதில் மிச்சமாகும் விநாடிக்காக வாங்கியதாக அவரே நம்புகிறார். உண்மையில் அவர் வாங்கியிருப்பது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பழுதை.

பழுதெல்லாம் தீர்ந்து துப்பாக்கி ஒழுங்காகச் சுடத் தொடங்கியதும் இரண்டே வாரத்தில் அலுப்புத் தட்டி விற்றவர்கள் உண்டு. பழுது தீருமுன் வீட்டுத் தவணை நெருக்கி விற்பவர்களே மிகுதி. "குறைவாகவே சுடப்பட்டது" என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். இத்தகைய விளம்பரங்களில் அந்த வாக்கியம் மட்டும் கலப்படமற்ற உண்மை. வாங்க வருபவர் பெரும்பாலும் அதே தொழிற்பட்டையில் வேறு ஷிஃப்டில் லைன் இன்சார்ஜாக இருப்பவர். "அண்ணே, செகண்டுக்கு எத்தனை ஷாட் போகும்?" என்று கேட்டுக்கொண்டே பழுதுப் பதிவேட்டைப் புரட்டுவார். கடைசிப் பக்கத்தில் இன்னும் அடிவேர் காணப்படாத பழுதுகள் நான்கு இருப்பதைப் பார்த்ததும், பேரம் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டுவார்.