எதுக்கும் இன்னொருத்தரை…

“தம்பி, ஒரே ஒரு சந்தேகம்” என்று வாசலில் செருப்பைக் கழற்றுகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். 2008-இல் வாங்கிய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர், உள்ளே 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு, காபி குடித்து, ராசிபலன் வரை பேப்பர் படித்துவிட்டு வந்தால்தான் திரை தெளியும். புது டிஸ்க் போட வேண்டும். எதைப் போடலாம்?

சொல்வேன். “எஸ்.எஸ்.டி. போடுங்க சார், 240 ஜி.பி. தாராளம். உங்க போர்டு சாட்டா-2. விநாடிக்கு 300 எம்.பி.க்கு மேல போகாது. பரவாயில்ல, பழைய டிஸ்க்ல தட்டு சுத்தி, முள்ளு தேடிப் போய்ப் படிக்கணும். இதுல அந்த அலைச்சலே கிடையாது.” நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்கி, பழைய டைரியில் முத்துமுத்தாக எழுதிக்கொள்வார். அடியில் கோடு வேறு. கடைக்குக் கிளம்பிவிடுவார் என்று நான் நிமிரும்போது, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் இன்னொருத்தரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்.”

பெங்களூரில் இருக்கும் மச்சினர் மகன், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கே போடச் சொன்னான். டைரியில் ஏறியது. ஆனால் மாடிவீட்டுக்காரர் வாங்கிய 1 டி.பி., விண்டோஸில் 931 என்றுதான் காட்டுகிறதாம். “பாக்கி 69 எங்க தம்பி போச்சு?” கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது என்று கணக்குப் போட்டே காட்டினேன். எழுதிக்கொண்டார். அது சரிதானா என்று இன்னொருத்தரைக் கேட்டார்.

ரிச்சி தெருவுக்குப் போனால், ஐ.டி.இ.யா சாட்டாவா என்று கடைப் பையன் கேட்டானாம். திரும்பி வந்துவிட்டார். கேபினெட்டைத் திறந்து, ஒட்டடையை விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினேன்: மெல்லிய சிவப்புக் கேபிள், சாட்டா. ஐ.டி.இ. என்றால் பட்டையாக நாடா மாதிரி இருக்கும். தலையாட்டினார். டைரியைத் தேடினார்.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 2011-இல் இடம் போதவில்லை என்று பணத்தோடு கிளம்பியவரை, தீபாவளி கழித்து விலை இறங்கும் என்று யாரோ நிறுத்திவிட்டார். தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் முங்கி, உலகம் முழுக்க விலை ஏறியது. அந்த யாரோவிடம் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். அந்த டிஸ்க் இப்போது கட், கட் என்று சத்தம் போடுகிறது. பேரனின் காதுகுத்துப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. புதுசு அப்புறம் வாங்கலாம், முதலில் படங்களைப் பென் டிரைவில் ஏற்றுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “எந்த பென் டிரைவ் நல்லாருக்கும்?” என்றார். ஒருவருக்கு யோசனை சொல்லிவிட்டு, அந்த யோசனை ஊர் சுற்றி வரும்வரை காத்திருக்க எனக்கு என்ன தலையெழுத்து? நானே என்னுடையதைச் செருகிவிட்டேன். “நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க தம்பி, அவர் சுவிட்ச் போடறதுக்கே நாலு பேரைக் கேப்பார்” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். பாவம், மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, யார் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் டிஸ்க் வந்தேவிட்டது. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இஸ்திரிக்காரர் பையன் சொன்னானாம். அட்டைப்பெட்டி பிரிக்காமல் மேஜைமேல் இருக்கிறது. யாரை வைத்து மாட்டலாம் என்று விசாரணை நடக்கிறது.

நேற்று லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களைப் பத்தி சார் விசாரிச்சார். இந்த டிஸ்க் மாட்டற வேலையெல்லாம் உங்களுக்கு வருமா?”