பூட்டு யாருக்கு?

கேள்வி: முழு விலை கொடுத்து முன்பு வாங்கிய கணினி விளையாட்டு வட்டு, என் புதிய கணினியில் திறக்க மறுக்கிறது, திருட்டுப் பிரதி வைத்திருக்கும் நண்பனோ தடையின்றி விளையாடுகிறான். இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்.

பதில்: நியாயம் தங்கள் பக்கமே. கோட்டைவாயிற் கதவு பகைவனைத் தடுப்பதற்கேயன்றி உள்ளே வசிக்கும் பிரஜையைச் சிறைவைப்பதற்கன்று என்பது கோட்டைவாசியான தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் களவாடியவன் காப்பு மென்பொருளைக் களைந்தெறிந்த பிரதியையே அனுபவிக்கிறானாதலின், அந்தக் காப்பின் கஷ்டமனைத்தும் கிரயம் கொடுத்தவருக்கே பிராப்தமாகிறது. 2008-இல் வெளிவந்த ‘ஸ்போர்’ என்ற விளையாட்டு முதலில் மூன்று கணினிகளுக்கே அனுமதி தந்தது. 2010-இல் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ என்ற விளையாட்டு இடையறாத இணையத் தொடர்பைக் கோரியதால், அதை வெளியிட்ட நிறுவனத்தின் சர்வர் முடங்கியபோது வாங்கியவர்களே வெளியில் நின்றார்கள். 2015-இல் வந்த விண்டோஸ் 10, சேஃப்டிஸ்க், செக்யூரோம் முதலிய பழைய காப்புகளை அபாயகரமானவையென்று விலக்கிவிடவே, எத்தனையோ அசல் வட்டுகள் நிஷ்பிரயோஜனமாயின.

நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பை உடைப்பவருக்கே இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. வாங்கியவரின் பூட்டைத் திறந்துகொடுக்கும் கடமையை விற்றவர்மீது அது சுமத்தவில்லை. அந்தக் கடமையையும் சட்டமாக்குவதே தர்மம். அதுவரை, திருட்டுப் பிரதியை நாடாமல், ஜிஓஜி போன்று காப்பின்றி விற்கும் கடைகளை ஆதரியுங்கள். நேர்மையாளரை நம்பும் வியாபாரியே நம் பணத்துக்குப் பாத்திரமானவர்.