கன்னிமாடக் காவலரும் இரவுக்குறி இடையீடும்: ஓர் ஆய்வு

இரவில் தலைவியைக் காண வரும் தலைவனுக்குத் தடைகள் ஏழு என அகப்பொருள் உரைகாரர் வகுத்தனர்: தாய் தூங்காமை, நாய் தூங்காமை, ஊர் தூங்காமை, காவலர் விரைந்து சுற்றுதல், நிலவு காய்தல், கூகை குழறுதல், கோழி கூவுதல். இப்பட்டியலை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சொரோரிட்டி விடுதிகளோடு பொருத்திப் பார்க்காமல் விட்டது நம் புலமைக்கு இழுக்கு. (எதற்குப் பொருத்த வேண்டும் என்று கேட்பவர் ஆய்வுலகுக்குப் புதியவர்.)

சொரோரிட்டி என்பது மாணவியர் சங்கம். கிரேக்க எழுத்துகளே அதன் பெயர். பழமையில் முதலிடம் கோரும் சங்கம் 1851இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் தோன்றியது. ஒரே வீட்டில் இத்தனை பெண்களுக்கு மேல் குடியிருந்தால் அது விலைமகளிர் இல்லமாகிவிடும் என்று ஒரு பழஞ்சட்டம் இருப்பதாக வளாகந்தோறும் மாணவர்கள் சத்தியம் செய்வார்கள். எண்ணிக்கை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இதை இடைச்செருகல் எனத் தள்ளுக.

தாய் யார் என்பதில் ஐயமில்லை. ‘ஹவுஸ் மதர்’ எனப்படும் மூத்த பெண்மணி விடுதியிலேயே தங்குகிறார். பெற்றவர் அல்லர் ஆதலின் செவிலி என்பதே என் துணிபு. மாடிப்படி முனகுவதைக் கேட்டே ஏறுவது யார் என்று சொல்லிவிடுவார். காவலர் நாற்காலியில் கண்ணயர்ந்தால் முதலில் அறிபவரும் அவரே.

சிக்கல் காவலரிடம்தான். அவர் விரைவதும் இல்லை, அதிகம் சுற்றுவதும் இல்லை, பொட்டலம் வாங்குகிறார். நள்ளிரவில் பர்கர் பையோடு வருபவன் “மேடிசனுக்கு” என்பான். உள்ளே மேடிசன்கள் பலர். மேலே போய்க் கேட்கலாம் என்றால், ஆண் எவர் மாடியேறினாலும் “மேன் ஆன் த ஃப்ளோர்!” என்று கூவ வேண்டும் என்பது பல விடுதிகளின் நெடுநாள் வழக்கம். குழாய் பழுதுபார்க்க வருபவருக்கும் காவலருக்கும் ஒரே விதி. தம்மிடமிருந்து காத்துக்கொள்ளுமாறு தாமே கூவும் காவலரைத் தொல்காப்பியர் கண்டதில்லை; கண்டிருந்தால் ஒரு நூற்பா கூடியிருக்கும்.

இனித் திணை மயக்கம். 1952 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு பெண்கள் விடுதிகளுக்குள் புகுந்து உள்ளாடைகளைக் கவர்ந்தோடினர். அந்த வசந்தம் முடிவதற்குள் பல வளாகங்களுக்கும் இது தொற்றியது. காதல் இல்லாமையின் இது அகமாகாது; பிறர் உடைமையை இரவில் கவர்தலின் வெட்சியே. இக்காலத்தில் ஆநிரையின் இடத்தில் இருப்பது கூடத்துச் சுவரில் மாட்டிய குழுப்படம். அதைக் கழற்றிக்கொண்டு ஓடுவதில் ஃபிராட்டர்னிட்டி எனும் மாணவர் சங்க இளைஞர்களுக்குத் தனி இன்பம். மீட்டுவந்தால் கரந்தை. ஆனால் காவலர் கரந்தை சூடியதாகச் சான்றில்லை. அவர் பதிவேட்டில் எழுதிவைப்பதோடு சரி.

நாயையும் ஊரையும் கோழியையும் விட்டுவிடலாம். நிலவுக்கு ஈடு, ஆள் அசைந்தால் எரியும் வாசல் விளக்கு. கூகை, தீ எச்சரிக்கை மணி. இரவு இரண்டு மணிக்கு யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருகவிட, அது அலறும். அத்தனை பேரும் போர்வையோடு புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். அகம் முழுதும் புறத்தில் நிற்கும் இவ்வேளையிலும் காவலர் வாசலை விட்டு அசையார். எதைக் காக்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது. பர்கர்க்காரனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. புல்வெளியைப் பார்த்து ஒருமுறை கத்தினால் போதும்.