அயற்பணிப் பிரிவில் தயிர்ப் பாத்திரத்தின் இடப்பெயர்ச்சி: சாணக்யபுரியை முன்வைத்து ஓர் ஆய்வு

தம்பதியரில் ஒருவர் அலுவல் நிமித்தம் கடல் கடந்திருக்கும் நாட்களில், மற்றவர் பொறுப்பில் விடப்பட்ட வீட்டில் அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் புதுதில்லி சாணக்யபுரி. தூதரகங்களுக்காகவே 1950களில் உருவான இந்தப் பகுதியில், நம்மூரில் மாவு மில்லுக்குப் போய்வருவது போல ஜெனீவாவுக்குப் போய்வருகிறார்கள். ஆகவே தரவுக்குப் பஞ்சமில்லை. ஆய்வாளர் குடியிருப்பதும் இங்கே வினய் மார்க் பக்கத்து அரசுக் குடியிருப்பில்தான் என்பதால் ஆட்டோச் செலவும் இல்லை.

ஆய்வெல்லையை முதலிலேயே வரையறுத்துவிடுவது நல்லது. குடும்பத்தோடு பெட்டி படுக்கை கட்டி மூன்று வருடம் போகும் 'போஸ்டிங்' இதில் சேராது. நள்ளிரவு விமானத்துக்கு டாக்சி வந்து ஹார்ன் அடிக்க, பாஸ்போர்ட்டை மூன்றாம் முறை தடவிப் பார்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் படியிறங்கும் 'டூர்' மட்டுமே சேரும். கட்டுரை நெடுகப் போனவரைச் 'சென்றோர்' என்றும் வீட்டில் இருப்பவரை 'இருந்தோர்' என்றும் குறிப்போம். ஆண்பால் பெண்பால் சிக்கல் இதனால் தீரும். வேறெந்தச் சிக்கலும் தீராது.

இத்துறையின் முன்னோடி, இந்த ஊருக்குப் பேர் கொடுத்தவரேதான். அர்த்தசாஸ்திரத்தின் சுவடியைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுக்க, 1905இல் அதை இன்னதென்று கண்டுகொண்ட ஆர். சாமசாஸ்திரி 1909இல் அச்சிட்டார். அதன் மூன்றாம் அதிகரணத்தில், கணவன் வெளியூர் போனால் மனைவி எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று கௌடில்யர் என்கிற சாணக்யர் ஓர் அட்டவணையே போட்டிருக்கிறார். சிறிது காலத்துக்கென்று போனவனுக்கு வருணத்துக்கு ஏற்ப ஓராண்டிலிருந்து ஏறுமுகம். சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டுப் போயிருந்தால் இரட்டிப்பு. படிக்கப்போன பிராமணனுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் 10 ஆண்டு, இருந்தால் 12. அரசுப் பணியாளனுக்கோ ஆயுள் முடியும்வரை.

இதை இப்படியே விட்டால் சாணக்யபுரி அரசுக் குடியிருப்புகளில் பெரும் பீதி ஏற்படும் என்பதால் தொல்காப்பியரை அழைக்க வேண்டியிருக்கிறது. அவர் பிரிவுக்குரிய காரணங்களில் கல்வி, போர் ஆகியவற்றோடு தூதையும் சேர்த்து எண்ணியவர். அதாவது, வெளியுறவு அமைச்சகம் ஏற்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் குடும்பங்களை நினைத்துப் பார்த்தவர். கற்பியலில் அவர் போடும் கணக்கு வேறு: படிப்புக்கு மூன்றாண்டைத் தாண்டக் கூடாது, வேந்தன் இட்ட வேலை ஓராண்டுக்குள் முடிந்தாக வேண்டும். ஒரே அரசு வேலைக்கு வடக்கே ஆயுள், தெற்கே ஓராண்டு. வட இந்திய, தென்னிந்திய மனோபாவ வேறுபாடு பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு சான்றை யாரும் எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை. ஆய்வாளர் தொல்காப்பியர் கட்சி.

ஆனால் இரு பேராசான்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. போவது ஆண், காத்திருப்பது பெண் என்று இருவரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடற்பயணம் பெண்ணோடு கிடையாது என்று பொருள் கொள்ளும்படி தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவும் இருக்கிறது. இந்திய அரசும் நெடுநாள் அதே கட்சியில்தான் இருந்தது. 1949இல் வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சேரும்போதே அவரிடம் எழுதி வாங்கினார்கள். 1961இல் வந்த நடத்தை விதிகளிலும், பெண் அதிகாரி அரசின் எழுத்துமூல அனுமதி பெற்றே மணம் செய்ய வேண்டும், குடும்பப் பாரத்தால் வேலை கெடுகிறது என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்று இருந்தது. முத்தம்மா 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகி, இந்தியப் பெண் அதிகாரிகளில் முதல் தூதர் என்ற பெயரையும் பெற்ற பிறகு, தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார். வீட்டுக் கவலை பெண் அதிகாரியின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆண் அதிகாரியின் வேலையையும் கெடுக்கலாமே என்பது அவர் கேட்டதன் சாரம்.

எளிய கேள்விதான். ஆனால் அந்த விதியை எழுதியவர் எவரும், பால் பொங்கிக்கொண்டிருக்க, பிள்ளை ஜியோமெட்ரி பாக்ஸைக் காணோம் என்று அழ, சட்டை இஸ்திரி போடாமல் கிடக்க, காலை ஏழே காலுக்கு ஸ்கூல் பஸ்ஸின் ஹார்னைக் கேட்டவராக இருந்திருக்க மாட்டார். இக்கட்டுரைக்கான கள ஆய்வில் சென்றோர் மனைவி, இருந்தோர் கணவன். முத்தம்மாவுக்கு ஆய்வாளர் நேரடியாகக் கடன்பட்டிருக்கிறார். அந்தக் கடனைத்தான் தினமும் காலையில் டிபன் டப்பாவாக அடைத்துக்கொண்டிருக்கிறார்.

இனிக் கோட்பாட்டுச் சட்டகம். 1961ஆம் ஆண்டின் வியன்னா தூதுறவு ஒப்பந்தம், தூதர் இல்லாத நேரத்தில் தூதரகத்தைத் தாற்காலிகப் பொறுப்பாளர் நடத்தலாம் என்கிறது (19ஆம் பிரிவு). இருந்தோரின் சட்டநிலை சரியாக இதுவே. கையெழுத்துப் போடலாம், விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கலாம். கொள்கையை மாற்றக் கூடாது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு முன்பணம் கொடுப்பது நிர்வாகம். சம்பளத்தைக் கூட்டுவது கொள்கை. இந்த நுட்பமான வேறுபாட்டை அந்த அம்மா நம் அமைச்சகத்துக்காரர்கள் பலரைவிட நன்றாக அறிவார். "மேடம் வரட்டும்" என்று தானாகவே சொல்லிவிடுகிறார்.

பொறுப்பாளரின் அதிகாரம் எவ்வளவு மெலிந்தது என்பதை ஓடிபி காட்டிவிடும். பைப் கேஸ் வராத எங்கள் கட்டடத்தில் சிலிண்டர் இறக்குபவர் ஓர் எண் கேட்பார். அது பதிவு செய்த கைப்பேசிக்குத்தான் போகும். பதிவு செய்த கைப்பேசி ஐ.நா. பொதுச் சபைக்காக நியூயார்க் போயிருக்கும். அது செப்டம்பர் மாதம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான் என்பது தற்செயல் என்று நம்பச் சொல்கிறார்கள். சாணக்யபுரியில் காலை மணி 11 என்றால் நியூயார்க்கில் இரவு ஒன்றரை. சிலிண்டர்காரர் வாசலில். அடுப்பில் பருப்பு அரைவேக்காடு. எழுப்புவதா, வேண்டாமா? சங்க காலத்துத் தலைவி பல்லி சொல்லுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தாள். அவளிடம் யாரும் ஓடிபி கேட்கவில்லை. ஆய்வாளர் எழுப்பினார். மறுமுனையில் எண் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்தவை ஆய்வெல்லைக்குள் அடங்காதவை.

இருந்தோர் சுதந்திரமாக இருக்கிறார் என்ற பொதுக்கருத்து தவறு என்பதற்கு மேலும் சான்றுகள் உண்டு. ஒற்றர் மூவர் தனித்தனியே சொல்வது ஒத்துப்போனால் அதை நம்பலாம் என்பது அர்த்தசாஸ்திரம். திங்களும் செவ்வாயும் இரவுச் சாப்பாடு மேகிதான் என்ற செய்தி மகள் வழியாகவும், மறுநாள் குப்பைக்கூடையைக் கண்ட வேலைக்கார அம்மா வழியாகவும், யஷ்வந்த் பிளேசில் மோமோ தட்டோடு எங்களைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் வழியாகவும் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அந்த விதி முழுமையாக நிறைவேறியது. மகளிடம் விசாரித்ததில், தான் ஒற்றர் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சிறந்த ஒற்றர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

திருநெல்வேலியிலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைப்பதைத் தனியாகக் கருத வேண்டும். ஏற்கும் நாட்டின் நிலைமைகளைச் சட்டபூர்வமான எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது தூதரகப் பணிகளில் ஒன்று என்று வியன்னா ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. "மாப்பிள்ளை சாப்டாச்சா?" என்பது மரியாதை நிமித்தமான சந்திப்பு. "போனைப் பிள்ளைட்ட குடுங்க" என்ற பிறகுதான் உண்மையான பணி தொடங்குகிறது. "ஏட்டி, உங்கப்பா இன்னைக்கி என்ன வச்சாரு?" ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் மீறப்படவில்லை.

இப்போது தலைப்புக்கு வரலாம். தில்லி ஜனவரியில் தயிர் உறையாது. இது கருத்து அல்ல, வெப்பநிலை. நம்மூரில் வெதுவெதுப்பான பாலில் அரை ஸ்பூன் மோரை விட்டுத் தூங்கப்போனால் காலையில் கத்தியால் வெட்டலாம். இங்கே காலையில் இருப்பது முந்தைய இரவின் பால், கொஞ்சம் வருத்தத்தோடு. சென்றோரின் ஆட்சியில் அதற்கு ஒரு மரபு இருந்தது: உறை ஊற்றிய எவர்சில்வர் பாத்திரத்தை ஹாட்பேக்குக்குள் வைத்து, அதைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, கோதுமை மாவு டின்னுக்குப் பின்னால் ஒதுக்குவது. அவர் ஜெனீவா போயிருந்த ஒரு ஜனவரியில் இருந்தோர் இதை அப்படியே பின்பற்றினார். உறையவில்லை. பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டுப் பார்த்தார். காரமான பால் கிடைத்தது. பிறகு, எதையோ தேடிக் கையை வைத்தபோது, கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸ் எப்போதும் இளஞ்சூடாக இருப்பது தெரியவந்தது.

அன்றிரவு பாத்திரம் செட்டாப் பாக்ஸ் மேல் ஏறியது. காலையில் தயிர் சாய்த்தாலும் அசையவில்லை. அடுத்த வாரம் முழுதும் அப்படியே. மகள் கார்ட்டூன் பார்க்க உட்காரும்போது, "அப்பா, தயிர் ஆடுதா பாருங்க" என்று கவலைப்படும் அளவுக்கு அது குடும்ப உறுப்பினராகிவிட்டது. அரசியல் மொழியில் சொன்னால், தாற்காலிகப் பொறுப்பாளர் கொள்கை மாற்றம் செய்துவிட்டார். கூடவே அது வெற்றியும் பெற்றுவிட்டது. முதல் குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவதற்கு உண்டா என்பதே கேள்வி.

சென்றோர் திரும்பிய அன்று அதிகாலை, ஷூவைக் கழற்றும் முன் கேட்ட முதல் கேள்வி: "தயிர் ஏன் டிவி கிட்ட இருக்கு?"

முல்லைப் பாட்டுகள் பெரும்பாலும் தேர் திரும்பி வரும் ஓசையோடு நின்றுவிடுகின்றன. தலைவன் உள்ளே வந்து, உரல் ஏன் இடம் மாறியிருக்கிறது என்று கேட்டானா என்பதற்குத் தரவு இல்லை. எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்று கணக்கிட்ட பேராசான்கள் யாரும் திரும்பி வந்த மூன்றாம் நாளைப் பற்றிப் பேசவில்லை. என் களக்குறிப்புகளில் பிரிவுக் காலத்துச் சண்டைகள் அனைத்தும் சிலிண்டர் அளவுக்கு அற்பமானவை. பெரியவை எல்லாம் வந்த பிறகு நடந்தவை. பிரிவில் இல்லத்துக்கு ஒரு அரசு உண்டு, மீட்சியில் இரண்டு.

சென்றோர் அன்றிரவு பாத்திரத்தை மாவு டின்னுக்குப் பின்னாலேயே வைத்தார். மறுநாள் பால். அதற்கடுத்த இரவும் அங்கேயே, ஸ்வெட்டர் இரண்டாக. அன்றும் பால். மூன்றாம் நாள் காலை பாத்திரம் செட்டாப் பாக்ஸ் மேல் இருந்தது, தயிரோடு. வைத்தது யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராஜதந்திரத்தில் இதற்குத் 'தற்போதைய நிலையை ஏற்றல்' என்று பேர்.

சூட்கேஸ் பற்றி ஒரு வரி. வியன்னா ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவு தூதுப் பையைப் பிரிக்கவோ தடுத்துவைக்கவோ கூடாது என்கிறது. எங்கள் படுக்கையறை மூலையில் அது பல நாள் பிரிக்கப்படாமலே கிடப்பதற்குச் சட்டக் காரணம் இதுவாக இருக்கலாம். சாக்லேட் மட்டும் முதல் நாளே வெளிவந்துவிடும்.

இன்னும் ஆராயப்படாத ஒரு நிலை உண்டு: இருவரும் ஒரே வாரத்தில் வெளிநாடு போவது. ஒருமுறை அவரை ஜெனீவாவுக்கும் என்னைச் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டார்கள். மாமியார் திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் வந்து இறங்கினார். இந்தியில் ஒரு சொல் தெரியாது. மறுநாள் சிலிண்டர் வந்தது. நடந்ததை மகள் வழியாக (ஒற்றர் ஒருவரே, ஆனால் நம்பகமானவர்) அறிந்தேன். வாசலில் நின்றவர் "ஓடிபி, மாதாஜி" என்றிருக்கிறார். மாமியார், "வெயில்ல வந்திருக்கீரு, மொதல்ல அதை உள்ள கொண்டாந்து மூலைல வையும்யா, வாசர் சரியா இருக்கான்னு பாரும். நம்பரு கிம்பருல்லாம் எங்கிட்ட கேக்காதீரும்" என்றிருக்கிறார். அவர் வைத்தார், வாசரைப் பார்த்தார், ஒரு டம்ளர் மோர் குடித்தார், எண் இல்லாமலே போய்விட்டார்.