ஏர்னிக்குச் சட்டை, பெர்ட்டுக்குப் பாடு

ஏனம்மிணி, அந்தப் பொம்மைப் பய ஏர்னி போட்டிருக்கறாப்பல கோடு போட்ட ஸ்வெட்டர் மாப்பிள்ளைக்குப் பின்னப் போறயாமா? உங்கம்மா சொன்னா. சந்தோசம் கண்ணு. திருப்பூர்ல பனியன் துணி ஓட்டற குடும்பத்துல பொறந்துட்டு, நியூயார்க்குல போயி ரெண்டு ஊசிய வெச்சுக்கிட்டு ஒத்தைச் சட்டைய மாசக்கணக்குல பின்னறதுக்கும் ஒரு மனசு வேணுமல்ல. நம்ம நிட்டிங் மிசினுக்குக் காது இருந்தா அழுதிருக்கும்.

உன்ற ஆளப் பத்தி நானும் செல்லுல தேடிப் பாத்தேன். 1969ல 'செசமி ஸ்ட்ரீட்'ங்கற டிவி நிகழ்ச்சி ஆரம்பிச்ச நாள்லயே வந்தவனாமா. ஜிம் ஹென்சன்தான் கையும் கொரலும் குடுத்திருக்கறாரு. கூட்டாளி பெர்ட்டுக்கு பிராங்க் ஆஸ். குளிக்கற தொட்டியில ரப்பர் வாத்த வெச்சுக்கிட்டு ஏர்னி பாடுன பாட்டு 1970ல அமெரிக்காப் பாட்டு வரிசையில 16ஆவது எடத்துக்கு வந்துருச்சாமா. குளிக்கறதுக்கெல்லாம் பேர் வாங்கறானுக, நம்ம ஊர்ல வாய்க்கால்ல குளிச்சவன் ஒருத்தனும் பேர் வாங்கல. அந்த நிகழ்ச்சியப் படம் புடிக்கற எடமும் நீ குடியிருக்கற குயின்ஸ்லயே அஸ்டோரியாவுலதான் இருக்குது. போயி ஒரு பழைய சட்டையக் கேட்டுப் பாருன்னா உன்ற ரோசம் உடுமா?

சரி, பின்னறதுன்னு ஆயிப்போச்சு. மொதல்ல அளவு. ஏர்னிக்கு இடுப்புக்குக் கீழ சோலி இல்ல, அங்க ஆள் கைதான் இருக்குது. அவன் வவுறு பஞ்சு. மாப்பிள்ளை வவுறு பஞ்சு இல்லீங்கறது கல்யாணத்தன்னிக்கே பந்தியில பாத்தவங்களுக்குத் தெரியும். அதனால படத்தப் பாத்து அளவெடுக்காத. ஒரு சாண் துண்டு பின்னு. அதை நனைச்சுக் காயவெச்ச பொறவு ஒரு அங்குலத்துக்கு எத்தன கண்ணின்னு எண்ணு. காயறதுக்கு முன்னால எண்ணறவ கடசியில தன்ற தம்பிக்குச் சட்டை பின்னியிருப்பா.

இப்பக் கோட்டுக்கு வாரேன். ஏர்னிக்கு அகல மூஞ்சி, படுக்கைக் கோடு. பெர்ட்டுக்கு நீள மூஞ்சி, நட்டுக்குத்தலாக் கோடு. டிவியில பாக்கறவனுக்கு ரெண்டும் கோடுதான். ஊசி புடிச்சவளுக்குப் படுக்கை சுகம், நட்டுக்குத்தல் கெரகம். படுக்கைக் கோடுன்னா வரிசை முடியற எடத்துல நூல மாத்துனாப் போச்சு. நட்டுக்குத்தலுக்கு ஒவ்வொரு வரிசையிலயும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி உருண்டை தொங்கோணும், கோடு மாறற எடத்துல ரெண்டு நூலும் ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிக்கோணும், மறந்தா அங்க ஒரு பொத்தல். நீ ஏர்னியப் புடிச்சது பாசத்துலயா, சோம்பல்லயான்னு நான் கேக்க மாட்டேன்.

ஆனா படுக்கைக் கோடும் சும்மா உடாது. ஒரு கோட்டுக்கு ரெண்டு, நாலு, ஆறுன்னு ரெட்டைப்படையா வரிசை போடு. அப்பத்தான் உட்ட நூலு, திரும்பி வரயில அதே ஓரத்துல உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். மூணு, அஞ்சுன்னு போட்டயின்னா நீ இந்தப் பக்கம், நூல் அந்தப் பக்கம். அறுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டே போனா சட்டை முடியறப்ப உள்பக்கம் வால் வாலாத் தொங்கும். அத்தனையும் ஊசியில கோத்து உள்ள சொருகறதுக்கு ஒரு நோம்பி லீவு பூராப் போயிரும்.

ஒரே வட்டமாப் பின்னலாம்னு யாராச்சும் ரோசனை சொல்லுவாங்க. சொல்றவங்களுக்கென்ன? வட்டத்துல பின்னறது வட்டமே இல்ல அம்மிணி, மேல ஏறிக்கிட்டே போற சுத்து. ஆரம்பிச்ச கண்ணிக்கு மேல ஒரு படி ஏறித்தான் அது முடியும், நெறம் மாத்துன எடத்துல கோடு ஒடிஞ்சு நிக்கும். நம்ம மிசின்லயும் இதே கதைதான். நூல் குடுக்கற ஒவ்வொரு பீடரும் ஒரு வரிசை போட்டுக்கிட்டே சுத்தறதால துணி சாஞ்சு சாஞ்சுதான் ஏறும். கட்டிங் மேசையில கோடு மேட்ச் ஆகலைன்னு கட்டிங் மாஸ்டர் பேசற பேச்ச உன்ற காதுல போடக் கூடாது. கைப் பின்னல்ல இதுக்கு ஒரு திருட்டு வழி இருக்குது. புது நெறத்துல ஒரு சுத்து முடிச்சுட்டு, ரெண்டாஞ் சுத்து மொதக் கண்ணியப் பின்னயில, அதுக்கு அடியில இருக்கற பழைய நெறக் கண்ணியத் தூக்கி ஊசியில போட்டு ரெண்டையும் சேத்துப் பின்னிரு. படி தெரியாது. அப்படியும் தெரிஞ்சா அந்த எடத்த அக்குளுக்கடியில கொண்டுபோயி வெச்சுக்க. மாப்பிள்ளை கையத் தூக்கிப் பேசற ஆளில்ல.

நூல் வாங்கயில மொத்தமா வாங்கிப் போடு. லேபிள்ல லாட் நம்பர் பாரு. அதே கம்பெனி, அதே சிவப்பு, ஆனா லாட் மாறுனா நெஞ்சுல ஒரு சிவப்பு, கையில ஒரு சிவப்பு. இந்த ஷேடு தகராறுல சாயப்பட்டறைக்காரனும் கம்பெனிக்காரனும் சம்பந்தம் முறிச்சதெல்லாம் இங்க உண்டு. சிவப்பு நூல ஈர வெள்ளைத் துணியில வெச்சு அமுக்கிப் பாக்கோணும். சாயம் எறங்குச்சுன்னா மொதச் சலவையிலயே பக்கத்துக் கோடெல்லாம் ரோஸாயிரும்.

அதுக்குன்னு ரொம்பவும் எச்சா வாங்கிப் போடாத. இங்கிலாந்துல 'டாக்டர் ஹூ'ன்னு ஒரு தொடர். 1974ல டாம் பேக்கர் அதுல சேந்தப்ப, துணிமணி பாத்துக்கிட்ட ஜேம்ஸ் அச்சிசன் பல நெறத்துல கம்பளி நூல் வாங்கி பெகோனியா போப்புங்கற அம்மாகிட்ட மப்ளர் பின்னக் குடுத்தாரு. எவ்வளவு பின்னோணும்னு அந்தம்மா கேக்கல, அத்தனையும் பின்னிப்போட்டுது. மப்ளர் தரையில இழுபட்டுது. நடிகருக்கு அது புடிச்சுப்போச்சு, ஊருக்கே புடிச்சுப்போச்சு. நீ அப்படி நீட்டுனா ஏர்னி சட்டைக்குப் பதிலா பாவாடைதான் வரும்.

இன்னொண்ணு. உனக்கு ஏர்னியப் புடிக்கும், ஆனா நீ ஏர்னி இல்ல. கட்டில்ல பிஸ்கட் தின்னா தூள் கொட்டும்னு பெர்ட் வஞ்சா, பெர்ட்டோட கட்டில்லயே போயி உக்காந்து திங்கறவன் ஏர்னி. அவன் ரெட்டைப்படையா வரிசை எண்ணுவானாக்கும்? பெர்ட்தான் காகிதக் கிளிப்பும் சோடா மூடியும் சேத்து வெச்சு, ஒண்ணு கொறஞ்சாலும் வெசனப்படறவன். உன்ற ஊட்டுல மசாலா டப்பாவுக்கெல்லாம் தேதி ஒட்டுனது ஆரு? போர்வைக்குள்ள முறுக்குத் தின்னறது ஆரு? சட்டையப் போடறவன் ஏர்னியா இருக்கலாம், பின்னறவ பெர்ட்டா இல்லீன்னா அது முடியவே முடியாது. அதனால மாப்பிள்ளை பக்கத்துல வந்து குக்கி, "இந்த வரிசை எத்தனாவது?"ன்னு கேட்டா எந்திரிச்சு அக்கட்டப் போயிரு. எண்ணிக்கை போச்சுன்னா அவரு சிரிப்பாரு, நீ பிரிப்ப.

எனக்கு ஸ்வெட்டர் வேண்டாஞ்சாமி. நம்மூர் வெயிலுக்கு அதப் போட்டா நேரா ஆஸ்பத்திரிதான். மார்கழியில தோட்டத்துக்குப் போக ஒரு குரங்குக் குல்லா போதும். மிஞ்சுன நூல்ல பின்னித் தாட்டி உடு. கோடு மட்டும் பெர்ட் மாதிரி நட்டுக்குத்தலா இருக்கோணும். மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்காத, அதுக்கும் வழி சொல்றேன். காதுல இருந்து காதுக்குப் பக்கவாட்டுல படுக்கைக் கோடாவே பின்னிக்கிட்டுப் போயி, முடிச்சுத் திருப்பிப் புடி. நட்டுக்குத்தலா நிக்கும். துணி திரும்புனா நீளவாக்குல இழுத்துக்கிட்டே வரும், அதனால ரெண்டு விரக்கட கொறச்சே பின்னு. இல்லீன்னா குல்லா மூக்கு வரைக்கும் எறங்கி, அப்பிச்சி கெணத்துமேட்டுல தடம் தெரியாம நிப்பேன்.