பத்து ரிங்கிட் புதையல்

பினாங்கு லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில், துருப்பிடித்த ஸ்பேனருக்கும் ஜோடியில்லாத செருப்புக்கும் நடுவே ஒரு தங்கக்காசு.

"ஃப்ளோர் டி லா மார் கப்பல் காசு அண்ணே, 1511" என்றார் கடைக்காரர்.

மலாக்காவைச் சூறையாடிக்கொண்டு போன அந்தப் போர்ச்சுகீசியக் கப்பல் சுமத்ரா பக்கம் மூழ்கியது. உலகமே தேடுகிறது, அகப்படவில்லை. இவருக்கு மட்டும் சில்லறையாகவே கிடைத்திருக்கிறது.

நிஜமாகவே அகப்பட்டது டயானா என்ற கப்பல். சீனாவிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பி, 1817இல் மலாக்கா அருகே மூழ்கி, 1993இல் கண்டெடுக்கப்பட்டது. உள்ளே தங்கமா? சுமார் 24,000 பீங்கான் சாமான்! மெட்ராஸ் துரைமார் சாப்பிட வேண்டிய தட்டுகள் 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின.

இந்தப் பினாங்கிலோ காசைக் கடலில் போடவில்லை, காட்டில் போட்டார்கள். 1786இல் காடு வெட்ட ஆள் வராததால், இங்கே குடியேற்றம் அமைத்த ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பீரங்கியில் வெள்ளிக்காசைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். கூலியைக் கையில் கொடுக்காத முதலாளிகளுக்கு அவரே முன்னோடி.

கடைக்காரரின் காசைத் திருப்பினேன். விளிம்பில் பச்சைக் களிம்பு. "தங்கத்தில் களிம்பு ஏறாதே?"

"ஐந்நூறு வருஷம் உப்புத் தண்ணி அண்ணே!"

பதினைந்து ரிங்கிட் சொன்னார். பத்துக்கு வாங்கிவந்தேன்.