இடைவேளைக் கவிஞர்

கல்முனைப் பக்கம் கவிஞர்களுக்குப் பஞ்சம் வந்ததேயில்லை. மருதமுனையில் தறிச்சத்தம் கேட்கிற தெருவில் ஒருவர், சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒருவர், நிந்தவூரில் வயலுக்குப் போகிற வழியில் ஒருவர் என்று இருந்துகொண்டேயிருப்பார்கள். இவர்களில் எழுதுகிறவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது, நீண்ட ஓய்வுக்குப் பிறகு மறுபடி எழுத வருகிறவரைப் பற்றி.

ஆள் பென்ஷன் எடுத்த தமிழ் ஆசிரியர். இளவயதில் பத்திரிகையில் நாலைந்து மரபுக்கவிதை, வானொலி முஸ்லிம் சேவையில் ஒரு கவியரங்கம். அந்த வேகத்தில் கரைவலைக்காரரைப் பற்றி ஒரு காவியம் தொடங்கினார். முதல் இயலிலேயே தோணியைக் கடலில் இறக்கி, வலையையும் வளைத்துவிட்டார். "கொஞ்சம் ஆறுதலா இருந்திட்டு மறுகா எழுதுவம்" என்று கொப்பியை மூடியதோடு சரி. வலை இன்னும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. மீனும் பொறுமையாகத்தான் இருக்கிறது.

ஓய்வு நீண்டதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்றை நான் முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் வருவார். பெண்ணுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். சேருக்கு மூன்று பெண்மக்கள். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார். நடுவிலாளுக்கு அதையும் கொடுத்தார். மேசை ஒரு மருமகனுக்குப் போனது, புத்தக அலுமாரி இன்னொரு மருமகனின் டெலிவிஷனைத் தாங்குகிறது. காவியமிருந்த ட்ரங்குப் பெட்டி மட்டும் எந்தச் சீதனக் கணக்கிலும் சேரவில்லை. கடைசிக் கலியாணத்தில் அதன்மேல் வட்டிலப்பச் சட்டிகளை அடுக்கியதை நானே பார்த்தேன்.

மற்றபடி ஆளில் ஒரு கண்ணியம் உண்டு. சுனாமியைச் சாட்டாகச் சொல்லமாட்டார். இலங்கையில் கடல் அதிகம் பேரைக் கொண்டுபோனது எங்கள் மாவட்டத்தில்தான். மெய்யாகவே கையெழுத்துப் பிரதிகளைப் பறிகொடுத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

நீலாவணனை இழுக்காமல் மட்டும் இருக்கமாட்டார். "வேளாண்மைக் காவியத்த நீலாவணனே முடிக்கல்லியே!" உண்மைதான், முடியாமல் நின்ற அந்தக் காவியம் 1982 இல்தான் நூலாக வந்தது. ஆனால் பெரியநீலாவணையில் 1931 இல் பிறந்த அந்த மனிதர் 1975 இல், 44 வயது காணாமலே போய்ச்சேர்ந்தார். நம்மவருக்கு அறுபத்தெட்டு. கொஞ்சம் சீனி வருத்தம் தவிர ஒரு குறையுமில்லை. இதற்கிடையில் ஒலுவில் கம்பஸ் பிள்ளையொன்று கதேயின் கதையை வேறு சொல்லிக் கொடுத்துவிட்டது: ஃபவுஸ்டின் முதற்பாகம் 1808 இல் வந்தது, இரண்டாம் பாகத்தை அவர் முடித்தது 1831 இல். அன்றைக்குச் சேர் இரண்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டார் என்று கேள்வி.

திரும்பி வருவதற்கென்று அவரிடம் ஒரு முறை இருக்கிறது. முதலில் தேத்தண்ணிக்கடையில் அறிவிப்பு. பிறகு புதுக் கண்ணாடி, புதுச் சீஆர் கொப்பி. லுஹர் தொழுது சாப்பிட்டு, பாயில் சரிந்து எழும்பி, அசரும் தொழுதுவிட்டு, பழைய கொப்பியைத் திறப்பார். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற பழக்கம் இல்லை. "ஓட்டம் பிடிபட வேணுமே" என்று தலைப்பிலிருந்து வாசிப்பார். முதற் பாட்டில் 'அலை' என்றிருக்கும். வெட்டித் 'திரை' என்று போடுவார். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். நீலக்கறுப்பு மையில் 'அலை'. அதை வெட்டி அட்லஸ் பேனையில் 'திரை'. அதையும் வெட்டிச் சிவப்பில் 'அலை'. ஓரத்தில் பென்சிலால் 'கடல்?' கேள்விக்குறிக்குப் பக்கத்தில் பேத்தி ஒரு பூனை கீறி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் திருத்தம் தேவைப்படாதது அது ஒன்றுதான். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கொப்பியை மூடிவிடுவார். மூளைக்கு நல்ல வேலை கொடுத்தாயிற்று, இனிக் கொஞ்ச நாள் ஆற வேண்டும்.

போன வருஷம் ஊர் இளைஞர்கள் பொறுக்கமாட்டாமல், 'மீண்டும் பேனை எடுத்த கவிஞருக்குப் பாராட்டு' என்று விழா வைத்தார்கள். பொன்னாடை, வாழ்த்துப்பா, நேரம் பிந்தி வந்த பிரதம அதிதி, எல்லாம் முறைப்படி நடந்தன. நூல் மட்டும் இல்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. சேர் ஏற்புரை வாசித்தார். முதல்நாள் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து சுபஹுக்கு முன்னால் முடித்த உரை அது. இருபத்திரண்டு பக்கம், ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தம் இல்லை. பின்வளவு, மருமக்கள், ட்ரங்குப் பெட்டி எல்லாம் அதில் வந்தன. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் பக்கத்தில் சமீபத்தில் நான் கேட்ட நல்ல எழுத்து அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாராம்: "இஞ்ச பாருங்க, இதையே ரெண்டாம் பாகமெண்டு அச்சடிச்சிட்டா என்ன? அந்த வலையும் கரைக்கு வந்திரும்."

சேர் கோபப்படவில்லை. டபிள் ஸ்பேஸ் விட்டால் எத்தனை பக்கம் வரும் என்று இரண்டு நாள் கழித்து என்னிடம் விசாரித்தார்.